என் தலை என் உரிமை, சரி... பின்சீட்டுத் தலை யாருடையது?

"என் தலை. உடைஞ்சா நான்தான் சாகப்போறேன். கவர்ன்மெண்ட்டுக்கு என்னய்யா வந்துச்சு?"

ஹெல்மெட் பேச்சு எப்போது கிளம்பினாலும் இந்த வசனமும் கூடவே கிளம்பிவிடுகிறது. டீக்கடையில் இப்படிப் பச்சையாக வரும். கேண்டீன் என்றால் 'தனிமனித சுதந்திரம்', 'அரசாங்கம் என்ன எனக்கு ஆயாவா' என்று கொஞ்சம் பவுடர் பூசிக்கொண்டு வரும். நாலு புத்தகம் படித்தவராக இருந்தால் ஜான் ஸ்டூவர்ட் மில்லையும் துணைக்கு இழுப்பார். தமிழ்நாட்டில் 2007 ஜூனில் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியபோதும் இதுதான் பேச்சு. 2015 ஜூலை 1 முதல் உயர்நீதிமன்ற உத்தரவுப்படி மறுபடியும் கட்டாயமானபோதும் இதுதான். 2019 பிப்ரவரியில் புதுச்சேரியில் எம்.எல்.ஏ.க்களே ஹெல்மெட்டைப் போட்டு உடைத்துப் போராடினார்கள். (அந்த அடி ஹெல்மெட் மேல் விழுந்ததே தவிர தலைமேல் விழவில்லை என்பதை யாராவது கவனித்தார்களா தெரியவில்லை.)

இந்தக் கட்சிக்கு எதிராகத்தான் எழுதப்போகிறேன். அதற்கு முன்னால் என் கட்சிக்காரர்கள் வழக்கமாகச் சொல்லும் இரண்டு பதில்களைக் கழித்துக் கட்டிவிட வேண்டும். இரண்டும் சொத்தை.

முதல் பதில்: நீ அடிபட்டு ஜி.எச்.சில் படுத்தால் செலவாவது என் வரிப்பணம், அதனால் எனக்குக் கேட்க உரிமை உண்டு. இதை ஒத்துக்கொண்டால் எதற்கு வேண்டுமானாலும் சட்டம் போடலாம். சர்க்கரை வியாதிக்கும் அரசு மாத்திரை தருகிறது. அப்படியானால் மைசூர்பாகுக்கு ஒரு ஸ்பாட் ஃபைன் போடலாமா? அதைவிட, 2003 முதல் சாராயச் சில்லறைக் கடையைத் தானே நடத்திக்கொண்டிருக்கும் ஒரு அரசாங்கம் நம் ஆஸ்பத்திரிச் செலவைப் பற்றிக் கவலைப்படுகிறது என்று நம்ப எனக்கு இன்னும் அவ்வளவு பக்குவம் வரவில்லை.

இரண்டாவது பதில்: உனக்காக வீட்டில் ஒரு ஜீவன் காத்திருக்கிறது. டிராஃபிக் போலீஸ்காரர்கள் எமதர்மன் வேஷம் கட்டி, பாசக்கயிறோடு சிக்னலில் நின்று சொல்வார்களே, அது. நல்ல புத்திமதிதான். ஆனால் சட்டத்துக்கு அது காரணமாகாது. அம்மா அழுவாள் என்பதற்காகச் சட்டம் போடலாமென்றால் முதலில் காதல் கல்யாணத்தைத்தான் தடை செய்ய வேண்டிவரும்.

சரி, மில்லுக்கு வருவோம். அவர் பேரை இழுக்கிறவர்கள் பெரும்பாலும் அவரை முழுசாகப் படிப்பதில்லை என்றாலும், இந்த விஷயத்தில் அவர் அவர்கள் பக்கம்தான் என்று ஒத்துக்கொள்ள வேண்டும். 1859ல் வந்த சுதந்திரம் பற்றிய நூலில் ஒரு பாலத்தை உதாரணமாகச் சொல்கிறார். இடிந்து விழப்போகிற பாலத்தில் ஒருவன் தெரியாமல் கால் வைக்கப் போகிறான், எச்சரிக்கை செய்ய நேரமில்லை. அப்போது அவனைப் பிடித்து இழுக்கலாம். ஏனென்றால் ஆற்றில் விழ அவன் ஆசைப்படவில்லை. ஆனால் விழுவது நிச்சயம் இல்லை, ஆபத்து மட்டும்தான் இருக்கிறது என்றால், அவனிடம் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும். போவதா வேண்டாமா என்பது அவன் பாடு.

ஹெல்மெட் இல்லாமல் போகிற எல்லோரும் சாவதில்லை. ஆக மில் கணக்குப்படி போர்டு வைக்கலாம், பிடித்து நிறுத்தக்கூடாது. பலமான வாதம்தான். ஆனால் அந்தப் பாலத்தை ஒருமுறை நன்றாகப் பாருங்கள். அதில் ஒருவன் மட்டும் தனியாக நடக்கிறான். முன்னால் யாரும் இல்லை, பின்னால் யாரும் இல்லை, கூட நடந்து வந்து கேலி செய்ய யாரும் இல்லை, "இன்னும் ரெண்டு நிமிஷத்துல அந்தக் கரைக்குப் போகலைன்னா சம்பளம் கட்" என்று சொல்ல மேஸ்திரியும் இல்லை. அப்படிப்பட்ட பாலத்தை நான் மில் புத்தகத்தில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

பின்சீட்டிலிருந்து ஆரம்பிக்கலாம். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022ல் இந்தியாவில் சாலை விபத்தில் செத்தவர்கள் 1,68,491 பேர். அதில் ஹெல்மெட் போடாமல் இரண்டு சக்கர வண்டியில் போய்ச் செத்தவர்கள் 50,029 பேர். (ஹெல்மெட் போட்டிருந்தால் அத்தனை பேரும் பிழைத்திருப்பார்கள் என்று அர்த்தமில்லை. உலகெங்கும் நடந்த 61 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2008ஆம் வருஷத்துக் காக்ரேன் தொகுப்பு, ஹெல்மெட் சாவு அபாயத்தைச் சுமார் 42 சதவீதம் குறைக்கிறது, தலைக்காயத்தைச் சுமார் 69 சதவீதம் குறைக்கிறது என்கிறது. அதுவே எனக்குப் போதும்.) அந்த 50,029 பேரில் 35,692 பேர் வண்டி ஓட்டியவர்கள். மீதி 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து போனவர்கள்.

இந்த 14,337 பேர் யார்? அதைப் புள்ளிவிவரம் சொல்லவில்லை. சாயங்காலம் ஏதாவது ஒரு சிக்னலில் பத்து நிமிஷம் நின்றால் நீங்களே பார்க்கலாம். முன்னால் ஹெல்மெட்டோடு அப்பா. பெட்ரோல் டேங்க் மேல் ஒரு குழந்தை, வெறுந்தலை. பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்த அம்மா, மடியில் இன்னொன்று, அதுவும் வெறுந்தலை. வீட்டில் இருப்பது ஒரே ஹெல்மெட். அதுவும் போலீஸ் பிடிக்கும் என்பதற்காக வாங்கியது, ஆகவே போலீஸ் பிடிக்கிற தலையில் இருக்கிறது. 'என் தலை என் உரிமை' என்று முழங்குகிற ஆளின் பின்சீட்டில் இருக்கும் தலையிடம் யாராவது விருப்பம் கேட்டார்களா? கேட்டு, "எனக்கு வேண்டாங்க, பூ கசங்கிடும்" என்று அந்த அம்மா சொல்லியிருந்தாலும், இரண்டாவது ஹெல்மெட்டுக்கான காசு யார் பையில் இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் அதைச் சுதந்திரத் தீர்மானம் என்பேன்.

அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் என்று ஒரு மாநிலம். சுதந்திரமாக வாழ், இல்லாவிட்டால் செத்துப்போ என்கிற அர்த்தத்தில் ஒரு முழக்கத்தை வண்டி நம்பர் பிளேட்டிலேயே அடித்து வைத்திருக்கிறார்கள். வயது வந்தவர்களுக்கு அங்கே ஹெல்மெட்டும் கட்டாயமில்லை, காரில் சீட் பெல்ட்டும் கட்டாயமில்லை. சொன்னதைச் செய்கிறவர்கள், அதைப் பாராட்டத்தான் வேண்டும். அவர்களே 18 வயதுக்குக் கீழ் என்றால் ஹெல்மெட் போட்டே ஆகவேண்டும் என்கிறார்கள். பிள்ளையின் தலை அப்பனின் சுதந்திரக் கணக்கில் சேராது என்று அங்கேயே தெரிந்திருக்கிறது.

நிற்க. "சரிப்பா, பொண்டாட்டி புள்ளைய விடு. நான் தனியா போறேன், எனக்கு மட்டும் எதுக்குக் கட்டாயம்?" என்று ஒரு பிரம்மச்சாரி கேட்கலாம். நம் பார்க்கிங்கில் நிற்கும் பாதிப் பேர் அந்த ரகம்தான். அவர்களுக்கான பதில் எனக்குக் கிடைத்தது ரோட்டிலிருந்து இல்லை, ஐஸ் ஹாக்கியிலிருந்து. (சிரிக்காதீர்கள். நானும் ஐஸ் ஹாக்கியை டி.வி.யில் பார்த்ததோடு சரி.)

தாமஸ் ஷெல்லிங் என்று ஒரு பொருளாதார அறிஞர், 2005ல் நோபல் வாங்கியவர். 1973ல் ஹாக்கி ஹெல்மெட் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அப்போது வட அமெரிக்கத் தொழில்முறை ஹாக்கியில் பெரும்பாலோர் ஹெல்மெட் இல்லாமல்தான் ஆடினார்கள். 1968ல் பில் மாஸ்டர்டன் என்ற ஆட்டக்காரர் பனித்தரையில் பின்மண்டை அடிபட்டு விழுந்து இரண்டு நாளில் செத்தே போயிருந்தார். 1969ல் டெட் கிரீன் என்ற இன்னொருவர் தலையில் மட்டையடி பட்டு, பிழைத்ததே பெரும்பாடாகிவிட்டது. எல்லோருக்கும் ஆபத்து தெரியும். இருந்தும் போடவில்லை. ஏன் என்று கேட்டால் பதில் இந்த மாதிரி வந்தது: போடாதது முட்டாள்தனம் என்று தெரியும், ஆனால் மற்றவர்கள் போடவில்லையே, லீக் எல்லோருக்கும் கட்டாயமாக்கிவிட்டால் நாங்கள் சந்தோஷமாகப் போடுவோம்.

ஹெல்மெட் போட்டால் பக்கவாட்டில் கொஞ்சம் குறைவாகத் தெரியும். அந்தக் கொஞ்சத்தில் எதிராளி முந்திவிடுவான். கூடவே பயந்தாங்கொள்ளிப் பட்டமும் கிடைக்கும். இந்த இரண்டு நஷ்டமும் தனியாகப் போடுகிறவனுக்கு மட்டும்தான். எல்லோரும் போட்டால் யாருக்கும் நஷ்டமில்லை, தலை மட்டும் மிச்சம். ஆகவே தனித்தனியாக விட்டால் ஒருத்தனும் போடமாட்டான், ஆனால் ரகசியமாகச் சீட்டு எழுதிப் போடச் சொன்னால் 'எல்லோருக்கும் கட்டாயமாக்கு' என்று எழுதுவான். ஒரே ஆள்தான், ஒரே தலைதான். தனியாக நிற்கும்போது செய்வது ஒன்று, சேர்ந்து தீர்மானிக்கச் சொன்னால் கேட்பது இன்னொன்று. இதில் எது அவன் 'சுதந்திரமான விருப்பம்'?

1979ல் அந்த லீக் புதிதாக ஒப்பந்தம் போடுகிறவர்களுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. பழைய ஆட்களுக்கு மட்டும் அவரவர் விருப்பம். ஹெல்மெட் இல்லாமல் ஆடிய கடைசி ஆள் 1997ல் ஓய்வு பெற்றார். ஆட்டம் ஒன்றும் செத்துப்போகவில்லை.

இப்போது நம் பார்க்கிங்குக்கு வாருங்கள். பைக்கில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வந்து இறங்குகிறவனை நாம் என்னவெல்லாம் சொல்லியிருக்கிறோம்? 'அங்கிள்', 'மண்டபத்திரம்', 'எஸ்.ஐ. சாப்'. முடி கலைந்தது, ஜெல் போச்சு, முகம் தெரியவில்லை. கட்டாயம் வந்து போலீஸ் நிஜமாகவே பிடித்த மாதங்களில் இந்தக் கேலி எங்கே போனது? எல்லோர் தலையிலும் ஒரே பானை, யார் யாரைக் கேலி செய்வது? "ஃபைன் போட்றாங்க மச்சான், என்ன பண்றது" என்று அலுத்துக்கொண்டே போட்டுக்கொண்டார்கள். அந்த அலுப்பைக் கவனியுங்கள். போட ஆசைப்பட்டு வெட்கப்பட்டவனுக்கு ஆயிரம் ரூபாய் அபராதம் ஒரு சாக்காகக் கிடைத்தது. பயந்து போடவில்லை, போலீஸ் தொல்லைக்காகப் போடுகிறேன் என்று மானத்தோடு சொல்லிக்கொள்ளலாம். சட்டம் அவனிடமிருந்து எதையும் பறிக்கவில்லை. அவன் கேட்க முடியாமல் நின்றதைத்தான் கொடுத்தது.

"அப்போ சீக்கியர்களுக்கு மட்டும் ஏன் விலக்கு?" என்று ஒருவர் கேட்பார், எப்போதும் கேட்பார். மோட்டார் வாகனச் சட்டம் 129ஆம் பிரிவில் டர்பன் கட்டிய சீக்கியருக்கு விலக்கு இருப்பது உண்மை. பிரிட்டனிலும் 1976ல் தனிச் சட்டமே போட்டு விலக்கு கொடுத்தார்கள். அதே சீட்டை அவர்களிடம் கொடுத்துப் பாருங்கள். 'கட்டாயம் வேண்டாம்' என்றுதான் எழுதுவார்கள், வெளிப்படையாகக் கேட்டாலும் அதையேதான் சொல்வார்கள். தனியாகச் சொல்வதும் சேர்ந்து சொல்வதும் ஒன்றாக இருக்கிறது. நம் முடி ஜெல்லை அதோடு ஒப்பிடாதீர்கள், ப்ளீஸ்.

ரோட்டை விட வேலையிடத்தில்தான் இந்த சுதந்திர வாதத்தின் நிஜ முகம் தெரியும்.

1837ல் இங்கிலாந்தில் ஒரு வழக்கு. பிரீஸ்ட்லி என்ற பையன் ஃபௌலர் என்ற கசாப்புக் கடைக்காரரிடம் வேலை பார்த்தான். கறி ஏற்றிய வண்டியில் அவனைப் போகச் சொன்னார். அளவுக்கு மீறிய பாரம். வண்டி உடைந்து பையனின் தொடை எலும்பு முறிந்தது. ஜூரிகள் நூறு பவுண்டு நஷ்டஈடு கொடுக்கச் சொன்னார்கள். மேலே போனபோது நீதிபதி லார்ட் அபிஞ்சர் அதைத் தள்ளுபடி செய்தார். காரணம்? ஆபத்து என்று தோன்றினால் அந்த வண்டியில் ஏறமாட்டேன் என்று சொல்ல வேலைக்காரனுக்கு உரிமை இருக்கிறதே! ஏறியது அவன் இஷ்டம். இதற்கெல்லாம் நஷ்டஈடு கொடுத்தால் நாளைக்கு வீட்டு வேலைக்காரி ஈரப் படுக்கையில் படுக்கவைத்தாள் என்று வேலைக்காரன் எஜமான் மேல் வழக்குப் போடுவானே என்றும் கவலைப்பட்டார். (போட்டால் என்ன என்று கேட்க அன்றைக்கு ஆளில்லை.) அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள், தொழிற்சாலையில் கை போனவன், சுரங்கத்தில் கால் போனவன் எல்லோருக்கும் 'தெரிந்துதானே வந்தாய்' என்பதே சட்டத்தின் பதிலாக இருந்தது.

அமெரிக்காவில் 1905ல் இன்னொன்று. பேக்கரித் தொழிலாளி நாளைக்குப் பத்து மணி நேரம், வாரத்துக்கு அறுபது மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக்கூடாது என்று நியூயார்க் மாநிலம் சட்டம் போட்டது. லாக்னர் என்ற பேக்கரி முதலாளி அதை எதிர்த்து மேல்முறையீடு செய்தார். உச்சநீதிமன்றம் ஐந்துக்கு நாலு என்ற கணக்கில் சட்டத்தைச் செல்லாது என்றது. காரணம் கேட்டால் சிரிப்பு வரும்: தொழிலாளியின் ஒப்பந்த சுதந்திரம் பறிபோகிறதாம். பன்னிரண்டு மணி நேரம் மாவில் நிற்கும் சுதந்திரத்துக்காக முதலாளி கோர்ட்டுக்குப் போய்ப் போராடியிருக்கிறார், பாருங்கள் அவர் தியாகத்தை! அந்தக் கோர்ட் இந்த வாதத்தைக் கைவிட 1937 வரை ஆனது.

பழங்கதை என்று தள்ளிவிடாதீர்கள். மெக்கானிக்கல் படிக்கிறவர்களுக்கு பவர் பிரஸ் தெரியும். மேலேயிருந்து ராம் இறங்கித் தகட்டை வெட்டும் அல்லது வளைக்கும். இரண்டு பக்கமும் இரண்டு பட்டன் இருக்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் ராம் இறங்கும், ஆகவே இரண்டு கையும் வெளியேதான் இருந்தாக வேண்டும். எளிமையான, அழகான யோசனை. ஆனால் ஒரு பட்டனை டேப் போட்டு அழுத்தி ஒட்டிவிட்டால் ஒரு கையால் பட்டன், இன்னொரு கையால் தகடு என்று வேகம் பிடிக்கலாம். மணிக்கு இத்தனை பீஸ் கூடும். அடுத்த வாரம் சூப்பர்வைசர் டார்கெட் போடும்போது, டேப் ஒட்டியவனின் எண்ணிக்கையைப் பார்த்துத்தான் போடுவார். அதற்குப் பிறகு டேப் ஒட்டாமல் அந்த டார்கெட்டைத் தொடவே முடியாது. ஹரியாணாவில் மானேசர், ஃபரிதாபாத் வட்டாரத்தில் வாகன உதிரிபாகக் கம்பெனிகளில் விரல் போனவர்கள் வருஷத்துக்கு நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள், அதில் பெரிய பங்கு இந்த பிரஸ் மெஷின்களில். விரல் போனதும் என்ன சொல்வார்கள் தெரியுமா? "அவனேதான் சார் டேப் ஒட்டினான்."

ஒட்டினான்தான். ஹாக்கிக்காரன் ஹெல்மெட்டைக் கழற்றிய மாதிரி. ஒருத்தன் ஒட்டினால் எல்லோரும் ஒட்டியாக வேண்டும். வேறு மாநிலத்திலிருந்து கான்ட்ராக்டில் வந்து, லைன் வீட்டில் எட்டுப் பேரோடு படுத்து எழுந்து வருகிற பையன் "நான் ரெண்டு கையாலதான் சார் அழுத்துவேன்" என்று சொல்லிப் பார்க்கட்டுமே, நாளைக்கு அவன் இடத்தில் வேறு பையன் நிற்பான். ஆனால் டேப் இருந்தால் மெஷினுக்கே சீல் என்று ஒரு விதி இருந்து, அதை நிஜமாகவே பார்க்க ஒரு இன்ஸ்பெக்டரும் வந்தால், அவன் ஒரு வார்த்தை பேசவேண்டியதில்லை. அவனுக்காக விதி பேசும். 'மாட்டேன்' என்று சொல்லும் சுதந்திரம் லார்ட் அபிஞ்சர் கொடுத்ததாகச் சொன்னாரே, அது இந்த விதி வந்த பிறகுதான் அந்தப் பையனுக்கு நிஜமாகவே கிடைக்கிறது.

நம் ஒர்க்‌ஷாப்பிலேயே பாருங்கள். லேத்தில் நிற்கும்போது கையுறை கூடாது, சட்டை தொங்கக்கூடாது, ஷூ இல்லாவிட்டால் உள்ளே விடமாட்டார்கள். சுதந்திரம் போச்சு என்று யாராவது கொடி பிடித்தோமா? எல்லோருக்கும் ஒரே காக்கி, எல்லோரும் ஒரே மாதிரி அசிங்கமாக இருந்தோம், அத்தோடு முடிந்தது :-)

இதில் சரியாக எழுதப்பட்ட சட்டம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் 2013ஆம் வருஷத்து மலக்குழிச் சட்டத்தைச் சொல்வேன். மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடை செய்யும் சட்டம். பாதுகாப்புக் கருவி இல்லாமல் சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ ஆளை இறக்கினால், இறக்கியவருக்கு முதல் முறையே இரண்டு வருஷம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். இறங்கியவருக்குத் தண்டனை இல்லை. "அவராக இஷ்டப்பட்டுத்தான் இறங்கினார், ஐந்நூறு ரூபாய் சேர்த்துக் கேட்டார்" என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. அந்தக் குழிக்குள் இஷ்டம் என்று ஒன்று கிடையாது என்பதைச் சட்டம் எழுதியவர்கள் புரிந்துகொண்டிருக்கிறார்கள். அதில் இறங்குகிறவர் எந்தச் சாதியில் பிறந்தவர் என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும். யாருடைய சுதந்திர விருப்பம் தலைமுறை தலைமுறையாக ஒரே தெருவில் மட்டும் பிறக்கும்? 1993க்குப் பிறகு இப்படிச் செத்தவர்களின் குடும்பத்துக்குப் பத்து லட்சம் தரவேண்டும் என்று 2014ல் சொன்ன உச்சநீதிமன்றம் 2023ல் அதை முப்பது லட்சமாக்கியது. தொகை ஏறியது, சாவு நிற்கவில்லை. ஓட்டை சட்டத்தில் இல்லை, அதை எடுத்துப் படிக்க ஆளில்லாததில் இருக்கிறது.

இதற்கு நேர்மாறாக ஒன்று. 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டப்படி, மின்சாரத்தில் இயங்கும் இடத்தில் பத்துப் பேர் வேலை செய்தால் அது தொழிற்சாலை. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழில் பாதுகாப்புத் தொகுப்பில் அந்த எண்ணிக்கை இருபது. தொழில் செய்வதைச் சுலபமாக்குகிறார்களாம். பத்தொன்பது பேர் இருக்கும் பட்டறையில் பிரஸ் மெஷினின் ராம் கொஞ்சம் மெதுவாக இறங்குமா என்ன?

இந்த இடத்தில் எதிர்க்கட்சியிலிருந்து வரும் ஒரு குரலுக்குக் காது கொடுக்காமல் இருக்க முடியாது. "விதி எல்லாம் எங்களுக்கு மட்டும்தானா?" என்ற குரல். ஹெல்மெட் போடாதவனுக்கு நூறாக இருந்த அபராதத்தை 2019 திருத்தம் ஆயிரமாக்கியது, தமிழ்நாட்டில் 2022 அக்டோபரிலிருந்து வசூலிக்கிறார்கள். அதே 2019 திருத்தத்தில் 198ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. ரோட்டைத் தரமில்லாமல் போட்டு, அதனால் சாவோ ஊனமோ ஏற்பட்டால், பொறுப்பான அதிகாரிக்கோ கான்ட்ராக்டருக்கோ ஒரு லட்சம் வரை அபராதம். கேள்விப்பட்டிருக்கிறீர்களா? வளைவில் மரத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்று, கான்ட்ராக்டர் வரும்போது திடீரென்று குறுக்கே பாய்ந்து பிடிக்கும் போலீஸ்காரரை நீங்கள் பார்த்ததுண்டா? 2013லிருந்து 2017க்குள் ரோட்டுப் பள்ளங்களால் 14,926 பேர் செத்ததைப் பார்த்துவிட்டு 2018 டிசம்பரில் உச்சநீதிமன்றமே இது ஏற்றுக்கொள்ள முடியாதது என்று சொன்னது. பள்ளத்தில் விழுந்தவனிடம் ஹெல்மெட் எங்கே என்று கேட்பவர்கள் பள்ளம் ஏன் என்று ஒப்பந்தக்காரரிடம் கேட்பதில்லை. இந்தக் கோபம் நியாயம். ஆனால் அதற்குப் பெயர் சுதந்திரம் இல்லை. 198ஏவையும் ஹெல்மெட் மாதிரியே விடாப்பிடியாக அமல்படுத்து என்று கேட்பதற்குப் பதிலாக, என்னையும் விட்டுவிடு என்று கேட்டால் கான்ட்ராக்டருக்குத்தான் கொண்டாட்டம்.

"அப்போ பாதுகாப்பு என்று எவன் சொன்னாலும் தலையாட்டணுமா?" வேண்டாம். அதற்குத்தான் அந்த ஹாக்கிச் சீட்டை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன். விதி யாரைக் கட்டுகிறதோ அவர்களிடம், யார் எழுதியது என்று தெரியாதபடி, கேட்டுப் பாருங்கள். பிரஸ் ஷாப்பில் கேளுங்கள், டேப்பை எடுக்கச் சொல்வார்கள். பின்சீட்டு அம்மாக்களிடம், அதுவும் ஹெல்மெட்டைக் கையில் கொடுத்துவிட்டுக் கேளுங்கள். பார்க்கிங்கில் கேளுங்கள், ஜெல் கோஷ்டி தோற்கும் என்று ஒரு டீ பந்தயம் கட்டுகிறேன்.

பிறகு லேடீஸ் ஹாஸ்டலுக்குப் போங்கள். ஊர் ஊராக நம் கல்லூரிகளில் ஆறரைக்கோ ஏழுக்கோ எட்டுக்கோ பெண்கள் விடுதிக் கேட் மூடுகிறது, பையன்கள் விடுதிக்கு வேறு நேரம். கேட்டால் வார்டன் சொல்லும் வார்த்தை 'பாதுகாப்பு'. ஆபத்து ரோட்டில் இருக்கிறது என்கிறார்கள், பூட்டு உள்ளே இருப்பவர்களுக்குப் போடுகிறார்கள். பிரஸ் மெஷினை ஓடவிட்டு ஆபரேட்டரின் கையைக் கட்டிப்போடுகிற மாதிரி. வளாகப் பாதுகாப்பு என்ற பெயரில் பெண்களின் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தக்கூடாது என்று யு.ஜி.சி.யின் 'சக்ஷம்' குழு 2013லேயே எழுதிக் கொடுத்திருக்கிறது. 2015ல் டெல்லியில் மாணவிகள் 'பிஞ்ச்ரா தோட்', அதாவது கூண்டை உடை, என்று தெருவுக்கு வந்தார்கள். ஹெல்மெட்டுக்காக மில்லை எழுப்பிக் கூட்டிக்கொண்டு வரும் நம் தோழர்கள் இந்தக் கேட்டுக்கு முன்னால் அவரைக் கூட்டிக்கொண்டு வந்து நான் பார்த்ததில்லை. சீட்டும் பேனாவும் நான் வாங்கித் தருகிறேன். எண்ணுகிற வேலையை வார்டனே செய்யட்டும்.